உபயம் போட்ட சிடி

செங்கம் ரோட்டுல ஒரு பிரவுசிங் சென்டர்ல மூணு வருஷம் வேலை பார்த்தேன். ஆறு கம்ப்யூட்டர். ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்து மெயில் பார்ப்பாங்க. அவங்க பாஸ்வேர்டெல்லாம் எங்க மெஷின்லதான் அடிப்பாங்க. அதனால எந்த ஃபைலைப் போட்டாலும் முதல்ல ரைட் கிளிக் பண்ணி, அதைச் செஞ்ச கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து சரியா இருக்கானு பார்ப்பேன். பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்கனு முதலாளி கிண்டல் பண்ணுவார். பண்ணட்டுமே, எனக்கென்ன.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்னாடி, அவரோட சிநேகிதர் ஒரு ஆன்டிவைரஸ் சிடியோட வந்தார். ஊர்ல பாதி கடைக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக் குடுத்தவர். ஆறு மெஷின்லயும் போடச் சொன்னாங்க. நான் வழக்கம்போல பார்த்தேன். கம்பெனி பேர் இருந்துச்சு, ஆனா கையெழுத்து செல்லாதுனு வந்துச்சு. கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் யாரோ ஃபைல்ல கை வச்சிருக்காங்கனு அர்த்தம்.

கேட்டா மனுஷன் சிரிக்கிறார். அவரேதான் கை வச்சாராம். ஃபைலைத் திறந்ததும் முதல் பக்கத்துல 'உபயம்'னு தன் கடை பேர் வர்ற மாதிரி செஞ்சிருக்கார். வெளிச்சமே வெளிய வராத அளவுக்குக் கோயில் டியூப்லைட்ல பேர் எழுதுற ஜனங்க, சிடியை மட்டும் விடுவாங்களா! அவ்வளவுதான் செஞ்சேன்னு அவர் வாய் சொல்லுது, ஃபைல் சொல்லலையே. அவருக்கு முன்னாடி யார் யார் கை வச்சாங்களோ. போட மாட்டேன்னுட்டேன்.

சிநேகிதர் எதிர்ல முதலாளிக்கு மானம் போச்சு. ஒண்ணு போடு, இல்ல வேலையை விட்டுப் போறேன்னு எழுதிக் குடுன்னார். இந்த வேலை போனா அடி அண்ணாமலையில வீட்டோட உக்காரணும், மறுவாரமே மாப்பிள்ளை தேட ஆரம்பிச்சிடுவாங்க. அழுகை வந்துச்சு. ஆத்திரம் அதைவிட ஜாஸ்தியா வந்துச்சு. ஒரு பேப்பரை எடுத்து, 'சந்தேகமான ஃபைலைப் போட மறுத்ததால் என்னை வேலையை விட்டு அனுப்புகிறார்கள்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் படிச்சார். அந்த வரியை அடிச்சிட்டு, மேல 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்'னு தன் பேனாவால எழுதினார்.

"கீழ இருக்கறது என் கையெழுத்துதாங்க. ஆனா இது இப்போ என் லெட்டர் இல்ல. நான் கையெழுத்துப் போட்டப்புறம் நீங்க மாத்திட்டீங்க. அந்த சிடியும் இப்படித்தான்."

முதலாளி அந்தப் பேப்பரை நாலாக் கிழிச்சுப் போட்டுட்டு, உபயம் இல்லாத சிடி இருந்தா கொண்டாப்பானு சிநேகிதர்கிட்ட சொன்னார்.

மறுநாள் உறை பிரிக்காத சிடி வந்துச்சு. ரெண்டு பேரும் என் தலைக்குப் பின்னாடியே நின்னாங்க. அதையும் ரைட் கிளிக் பண்ணிப் பார்த்துட்டுத்தான் போட்டேன்.