செவ்வாய்க்கிழமை பதினாறு மணி

இதை எழுதலாமா விடலாமா என்று ஆறு வருடம் யோசித்தேன். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் எழுதிவிடுவதாக முருகனிடம் சொல்வேன். விரதம் விட்டுப் பாறணை முடிந்ததும் மறந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் வானசாத்திரம் எழுதினால் சிரிப்பார்களே என்பது ஒரு சாட்டு. பிழை செய்தவன் நான் என்பதுதான் உண்மையான காரணம்.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாள் முழுக்கக் குசினியில் நின்று மனைவிக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தேன். அது பொறுக்காமல் மகள் என்னைச் சிட்னியில் ஒரு நூலகத்தில் தொண்டு வேலைக்குச் சேர்த்துவிட்டாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். விளங்கத் தேவையில்லை, எழுத்துத் தெரிந்தால் போதும் என்றார்கள். எனக்கென்றே செய்த வேலை.

எனக்குக் கிடைத்த பெட்டியில் இரண்டு பேருடைய சண்டை இருந்தது. ஒருவர் சிட்னிக் கடைக்காரர். வீட்டு வளவில் தொலைநோக்கி வைத்து வானம் பார்த்தவர். மற்றவர் மெல்பேர்னில் பெரிய வானியல் அதிகாரி. ஒரு வால்வெள்ளியை முதலில் கண்டது யார் என்பதே வழக்கு. கடைக்காரர் கண்டது பக்கத்து வீட்டு விளக்காக இருக்கலாம் என்று எழுதிவிட்டு, அதிகாரி ‘தங்கள் தாழ்மையுள்ள பணியாளன்’ என்று ஒப்பமிடுவார். அதிகாரி சொல்லும் ஒன்பது மணி தன் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த ஒன்பது மணி என்று கடைக்காரர் எழுதுவார், அவரும் பணியாளன்தான். எனக்கு இது புதிதில்லை. எங்கள் கோயில் சபைக் கடிதங்களும் ‘பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்கட்கு’ என்று தொடங்கி, நடுவில் தலைவரைத் தேங்காய்க் கள்ளனாக்கி, ‘இறைபணியில் தங்கள்’ என்று முடியும்.

அதிகாரி கண்டது செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு. கடைக்காரரோ ‘செவ்வாய், பதினாறு மணி’ என்று எழுதியிருந்தார். பதினாறு என்றால் பின்னேரம் நாலு. வெயிலில் வால்வெள்ளி தெரியுமா? மனிதர் அவசரத்தில் பிழை விட்டிருக்கிறார், விடியப்புறம் நாலு மணியாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். பஞ்சாங்கப்படி மறுநாள் சூரியன் உதிக்கும்வரை செவ்வாய்தானே. ‘செவ்வாய் விடியற்காலை நாலு மணி’ என்று திருத்தி அடித்து, புண்ணியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளைக்காரருக்கு நாள் நடுச்சாமத்தில் மாறும், செவ்வாய் விடியற்காலை என்றால் செவ்வாய் இரவுக்கு முந்தினது என்பதை, இருபது வருடம் இரவு வேலை செய்த நான் நினைக்கவில்லை. நான் அடித்ததை வாசித்தவர்கள் கடைக்காரர் பதினேழு மணித்தியாலம் முந்திவிட்டார் என்று முடிவு கட்டி, நூலகக் கூடத்தில் அதைச் சொல்லும் பலகையும் வைத்தார்கள். கடைக்காரரின் பேரப்பிள்ளைக்குப் பிள்ளை, அதாவது பூட்டப்பிள்ளையான எண்பது வயது அம்மையார் கேக்கோடு வந்து அழுதார். ‘முதலில் கண்டவர்’ என்று கடைக்காரருடைய கல்லறையில் பொறிக்கச் சொல்லியாயிற்று என்றார்.

அந்த வாரமே பெட்டியின் கடைசிக் கடிதத்துக்கு வந்தேன். கடைக்காரர் அதிகாரிக்கு எழுதியது. அதிகாரியின் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டாராம். வானியலாருக்கு நாள் நண்பகலில் தொடங்குவதால் தன் பதினாறு மணி என்பது புதன் அதிகாலையே என்றும், கடைசி வரியில் ‘ஏழு மணித்தியாலம் பிந்தினேன், ஆனாலும் கண்டேன்’ என்றும் எழுதியிருந்தார்.

மனைவியிடம் சொன்னேன்.

“உங்களை ஆர் திருத்தச் சொன்னது?”

“பிழையாக் கிடந்தது, திருத்தினனான்.”

“கறிக்கும் உப்புக் காணாதெண்டு இப்பிடித்தான் போட்டுக் கெடுத்தனீங்கள். கல்லு வெட்ட முந்திப் போய் அந்த மனுசியிட்டச் சொல்லுங்கோ.”

அடையாளம் கேட்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி சொன்னதே போதும் என்று அவருக்கும் பட்டிருக்கும்.

நான் கொண்டுபோய்க் காட்டிய கடிதத்தை அம்மையார் இரண்டு தரம் வாசித்தார். நான் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்றார். கடைக்காரரே மனம் ஒப்பி விட்டுக்கொடுத்ததை நான் பறித்துக் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் கடிதத்தை மூன்றாம் தரமும் எடுத்து வாசித்தார். பிறகு அந்தக் கடைசி வரியைக் கல்வெட்டுகிறவருக்கு எழுதித் தரச் சொன்னார். எழுத்தெழுத்தாக நாலு தரம் சரிபார்த்துக் கொடுத்தேன். கல்லில் இப்போது அதுதான் இருக்கிறது. பலகையையும் மாற்றிவிட்டார்கள்.

கோயிலில் மட்டும் கதை வேறு. நான் ஒரு வால்வெள்ளி கண்டுபிடித்தேனாம். மெல்பேர்னில் ரோவில் பக்கம் அதற்கு என் பெயரையும் வைத்துவிட்டார்களாம். ஆகவே இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். எங்காவது பிழை கண்டால், அதுவும் அப்படியே கிடக்கட்டும்.