விசில்காரரின் இட்லி

சிராங்கூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், புறாக்களுக்கு யாரும் தீனி போடாமல் காவல் காத்த தொண்டூழியர் அவர். கழுத்தில் விசில் தொங்கும். யாராவது ரொட்டியைப் பிய்த்தால் போதும், ஊதிவிடுவார்.

"பாவமில்லையா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தீனி இருக்கிற அளவுக்குத்தான் தம்பி, புறா குஞ்சு பொரிக்கும். போடுறத நிறுத்துங்க, தன்னால குறைஞ்சிடும் லா."

அப்போது தூண் மறைவில் ஒரு பெண்மணி இட்லியை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் ஊதிக்கொண்டே ஓடினார். திரும்பிப் பார்த்தது அவருடைய மனைவி.

"ஊதாதீங்க. நீங்க மிச்சம் வச்ச இட்லிதான் இது. தட்டைக் காலி பண்ணுங்க, நான் ஏன் இங்க வரப்போறேன்?"

அன்றிலிருந்து அவர் மிச்சமே வைப்பதில்லை. சில மாதங்களில் புறாக்கள் நிஜமாகவே குறைந்தன; அவருடைய தொப்பை கூடிவிட்டது. அவர் வீட்டு இட்லியை நானும் ஒருமுறை தண்ணீர் குடித்து விழுங்கியிருக்கிறேன். பொதுத்தொண்டுக்காக ஒரு மனிதர் இவ்வளவு தூரம் போவாரா என்று இன்னும் வியக்கிறேன்.