கண்ணாடியில் உப்புச் சேறு

மனைவிக்கு ஒஷாவாவில் தாதியர் சோதனை எழுதும் நாள். மில்லிக்கனிலிருந்து புறப்பட்டு நெடுஞ்சாலையில் ஏறியதும், முன்னால் போன லொறி, பனி உருகத் தெருவில் போட்டிருந்த உப்புச் சேற்றை எங்கள் கார்க் கண்ணாடியில் வாரி அடித்தது. கழுவும் விசையை அழுத்தினேன்; ஒரு சொட்டும் வரவில்லை. வைப்பர் சேற்றை இழுத்துப் பாதையையே மறைத்தது.

“கோடையில கண்ணாடி கழுவுற ராங்குக்குள்ள வெறுந்தண்ணியோ விட்டனீங்கள்?” என்று பக்கத்திலிருந்த மனைவி கேட்டாள்.

“ஓம். உறைஞ்சு போச்சு.”

ஓரமாக நிறுத்தினேன். நான் பெல்ட்டைக் கழற்றுமுன் அவள் இறங்கி, வெறுங்கையால் பனியை அள்ளிக் கண்ணாடியைத் தேய்த்தாள். வழியில் இன்னும் இரண்டு தடவை நின்று இருவருமாகத் தேய்த்தோம். சோதனை மண்டபத்தின் கதவடைக்க மூன்று நிமிடம் இருக்கையில், சிவந்த விரல்களுடன் உள்ளே ஓடினாள்.

அந்த விரல்களால் எப்படி எழுதுவாள்? சோதனை முடியும்வரை என்னால் காருக்குள் இருக்க முடியவில்லை; குளிரில் நடந்துகொண்டே இருந்தேன்.

வெளியே வந்தவள், “எழுதிப்போட்டன். பசிக்குது,” என்றாள்.