ஊதா விளக்கில் தெரிந்த கை

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பதினெட்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். பிணத்தைத் துடைத்து, துணி சுற்றி அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடம் உட்கார்ந்து டீ குடிப்பேன். பேய் என்று யாராவது வாயெடுத்தால் முதல் ஆளாகக் கேலி செய்வதும் நான்தான். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது. தொடங்கியது மூன்று இருபத்தாறு. முடிந்தது மூன்று முப்பத்தொன்று. சுவரில் கடிகாரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் வேலை கிருமி பரவாமல் பார்த்துக்கொள்வது. யார் கை கழுவினார்கள், யார் கழுவவில்லை என்று வார்டு வார்டாக வேவு பார்த்து எழுதி மேலிடத்துக்கு அனுப்புவேன். பெரிய டாக்டர் என்றும் பார்க்க மாட்டேன். எல்லோரும் என்னைச் சோப்பு சிஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இன்னும் மோசமாகவும் ஏதோ சொல்வார்கள். நான் கண்டுகொண்டதில்லை.

மாதம் ஒரு புதன்கிழமை பொதுமக்களுக்கு இலவச வகுப்பு எடுப்பேன். கை கழுவுவது எப்படி என்று. ஆஸ்பத்திரியின் மாத இதழில் பிரசவ வகுப்பு, ரத்ததான முகாம் எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் என் வகுப்பையும் போடுவார்கள். அந்த மாதம் கூடுதலாக ஒன்று வரவிருந்தது. பணியாளர் செய்திகள் பக்கத்தில் என் படம். ஆண்டின் சிறந்த பணியாளர்! படம் பிடிக்க இதழ்க்காரர் வகுப்புக்கே வந்திருந்தார்.

அந்த விருதுக்கு நான் லாயக்கில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொரு மாதம் முன்பு அந்த வகுப்பறை ஒரு வார்டாக இருந்தது. நான்கு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்கார அம்மா. கழுத்து நரம்பில் குழாய் போட்டிருந்தது. பக்கத்து வார்டில் சீழ் பிடித்த புண் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்தேன். காதில் போன். பேசிக்கொண்டே அந்தக் குழாயின் மூடியைத் திருகிப் பார்த்தேன். ஐந்து விநாடி வேலை. கை கழுவவில்லை. அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவலையாம்மா?" என்றார்.

முறைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். கிருமி எங்கிருந்து வந்தது என்று விசாரித்து அறிக்கை எழுதுவதும் என் வேலைதான். எழுதினேன். கட்டிலைச் சரியாகத் துடைக்கவில்லை என்று துப்புரவு அக்கா தலையில் பழியைப் போட்டேன். மறுநாளே அந்த அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கூலி வேலைக்காரப் புருஷன், படிக்கிற இரண்டு பிள்ளைகள். அதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்புறம் வார்டைப் புதுப்பித்து வகுப்பறையாக்கினார்கள்.

அன்று வகுப்புக்கு வந்தவர்கள் பதினோரு பேர். முன்வரிசையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"வீட்ல நல்லாத்தான் இருக்கோம். இங்க வந்தாதான் கிருமியே ஒட்டுது."

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"வாயக் கழுவ வேற வகுப்பு இருக்கு சார்," என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பில் நான் செய்வது இதுதான். நிறமில்லாத களிம்பு ஒன்றை எல்லோர் கையிலும் தடவிக்கொள்ளச் சொல்வேன். போய்க் கழுவிவிட்டு வருவார்கள். அறையை இருட்டாக்கி ஊதா விளக்கை அடித்தால், சோப்பு படாத இடமெல்லாம் பச்சையாக மின்னும். டாக்டர்களே அசடு வழிவார்கள்.

மூன்று இருபத்தாறுக்குப் பதினோரு பேரும் நடைக்கோடியில் இருந்த குழாயடிக்குப் போனார்கள். இதழ்க்காரரும் பின்னாலேயே போனார். கதவைச் சாத்தினேன். திரையை இழுத்தேன். விளக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க, அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டேன்.

கதவின் கைப்பிடியில் பச்சைக் கறை.

டிரைவர் வேலையாகத்தான் இருக்கும், களிம்புக் கையோடு தொட்டிருப்பார் என்று மனதுக்குள் திட்டினேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். இன்னும் பளிச்சென்று ஆயிற்று.

கதவுக்கு இரண்டு அடி தள்ளி, சுவரில் ஒரு கட்டைவிரல் தடம். அந்த இடத்தில் எதுவும் இல்லை. வெறும் சுவர். ஆனால் வார்டாக இருந்தபோது, நோயாளிகளின் கோப்பு அங்கேதான் தொங்கும்.



விளக்கை மெல்லத் திருப்பினேன்... அறையின் நடுவில், என் இடுப்பு உயரத்தில், நான்கு விரல்கள். எதன் மேலும் இல்லை. வெறும் காற்றில். எதையோ பிடித்தபடி வளைந்திருந்தன.

கட்டில் கம்பி.

மோதிர விரலில் மட்டும் ஒரு கோடு கறுப்பாக விட்டிருந்தது. வேலை நேரத்தில் மோதிரம் போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், அதைக் கழற்றியதே இல்லை. என் கையை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.

அச்சாகப் பொருந்தியது. உள்ளங்கையில் சில்லென்று இரும்பு பட்டது.

பீப்...

மருந்து ஏற்றும் மெஷின் சத்தம். அந்த அறையில் மெஷின் எதுவும் இல்லை.

பீப்... பீப்...

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. விளக்கு என் கையில் தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. சத்தியமாக நான் திருப்பவில்லை.

அங்கே, தலையணை இருக்க வேண்டிய உயரத்தில், மூன்று விரல்நுனித் தடங்கள்.

அவை ஏறின... இறங்கின...

ஏறின... இறங்கின...

மூச்சு விடுகிற கழுத்து.

பிறகு நின்றன.

பிறகு என் பக்கம் திரும்பின.

"கழுவலையாம்மா?"

என் காதுக்குள்.

கதவு படீரென்று திறந்தது. பஸ் டிரைவர், ஈரக் கையோடு.

"என்ன சிஸ்டர், இருட்டுல யாரோட பேசிட்டு இருக்கீங்க?"

மூன்று முப்பத்தொன்று. எல்லோரும் உள்ளே வந்தார்கள். மறுபடி இருட்டாக்கி விளக்கை அடித்தோம். கைப்பிடியில், சுவரில், எங்கும் ஒன்றுமில்லை. என்னைச் சிரிக்கச் சொல்லி இதழ்க்காரர் படம் பிடித்தார். சிரித்தேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் துப்புரவு அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்லிக் காலில் விழுவது என்ற முடிவோடுதான் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அக்கா, அன்னைக்கு தப்பு பண்ணது நான்தான்..."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"ஜன்னலோரத்து அம்மா. புதன்கிழமை வந்தாங்க. மூணே முக்கால் இருக்கும். உக்காரச் சொன்னேன், உக்காரல."

"அவங்க... செத்துட்டாங்கக்கா."

"எனக்குத் தெரியாதா? அந்தக் கட்டில நான்தானே துடைச்சேன்."

"பயமா இல்லையா?"

"எனக்கெதுக்குப் பயம்?"

கதவைச் சாத்தப் போனவர், ஒரு நொடி நிறுத்தினார்.

"அவ வருவா, மன்னிப்புக் கேப்பா, குடுத்துடாதன்னாங்க. அப்பறம், தன்னையும் சேத்து மொத்தம் நாலு பேருன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

கதவு சாத்திக்கொண்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பழைய பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். அந்த வருடம் அதே கிருமியில் இறந்தவர்களைத் தேடினேன். தையல்கார அம்மாவைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு தபால்காரர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பேருக்கும் காய்ச்சல் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு அவர்களுடைய குழாயைச் சோதித்ததாக ஒரு கையெழுத்து இருந்தது. என்னுடையது. அந்த நாட்கள் எனக்கு நினைவில்கூட இல்லை.

மூன்று பேர்தான். நான்காவதாக ஒருவரை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார் என்று பணியாளர் செய்திகளில் இரண்டு வரி போட்டார்கள். துப்புரவு அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். அவர் போகவில்லை.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, இப்போது ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஐந்து மாதம் ஆகிறது. போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று பார்ப்பேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கும், தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். "ஒரு தடவ தூக்கேன்க்கா, உன் கையில என்ன முள்ளா இருக்கு?" என்று தங்கை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நேற்று அழுதுவிட்டாள். இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றாள். சரி என்று வந்துவிட்டேன்.