ஸ்பீக்கர்மேல் வேட்பாளர் பெயர்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் கச்சேரிக்கு

ஏப்ரல் 11, சனிக்கிழமை, மதியம் 1.10. ராயபுரத்தில் குட்டியானை வண்டியின் பின்பக்கம் ஏறியவை: ஸ்பீக்கர் பெட்டி ஆறு, மிக்சர் ஒன்று, டிரம் செட் ஒன்று, வயலின் நான்கு. முன்பக்கம் டிரைவர் கன்னியப்பனும் நானும். பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லாரும் மூன்று மணிக்கு மேல் ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். புத்திசாலிகள்.

திருவிழாக் கச்சேரி கேட்க வட சென்னைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழியை எழுதுகிறேன். ஆனால் இந்த வருடம் வழியைவிடப் பெரிய கேள்வி, போய்ச் சேரும்போது கச்சேரி இருக்குமா என்பதுதான். நான் மணலியில் ஒரு ஆலையில் கன்ட்ரோல் ரூம் இன்ஜினியர். லீவு நாளில் வசந்தி அக்காவின் ஆர்கெஸ்ட்ராவுக்கு மிக்சர் பார்க்கிறேன். அக்கா பாடகி, குழுவை நடத்துவதும் அவர்தான். மற்ற குழுக்கள் வயலினைக் கீபோர்டில் ஒரு பட்டனாக மாற்றிவிட்டன. இவர் மட்டும் நான்கு பேரை வைத்திருக்கிறார். வியாழக்கிழமை ஒத்திகை முடிந்ததும் சொன்னார்: "எண்ணூரு கேன்சலாச்சுன்னா நாலு பேரையும் அனுப்பிட வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல."

காரணம் எளிது. திருவிழாக் கச்சேரிக்குப் பணம் மூன்று இடத்திலிருந்து வரும். ஒன்று, படகுகள். காசிமேட்டில் ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு படகும் கோயிலுக்கென்று ஒரு கூடை மீனைத் தனியாக வைக்கும். டீசல் விற்கும் விலையில் பாதிப் படகுகள், 15ஆம் தேதி மீன்பிடித் தடை தொடங்கும் முன்பே கரையில் நிற்கின்றன. கூடை எங்கிருந்து வரும்? இரண்டு, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. இந்த முறை அது குடிநீர் மெஷினுக்கும் கேமராவுக்கும் போய்விட்டது. வயலினுக்கு 'முன்பு, பின்பு' என்று போட்டோ போட முடியாதே. மூன்று, அரசியல்வாதி. எங்கள் ஆறு ஸ்பீக்கரையும் வாங்கித் தந்தவர் ஒருவர். இந்தத் தொகுதியில் அவர்தான் இப்போது வேட்பாளர். பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அதுவும் விளம்பரம்.

சிக்கல் அங்கேதான். இந்தப் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும், அதன்மேல் 'உபயம்' என்று பெயர் எழுதியாக வேண்டும். குழுவினர் ஸ்பீக்கரின் முன்பக்க இரும்பு வலைமேலேயே எனாமல் பெயின்டில், ஒரு அடி உயர எழுத்தில் எழுதிவிட்டார்கள். ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று அப்போதே கத்தினேன். யார் கேட்டது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை. திருவொற்றியூர் தாண்டவே இரண்டு மணி நேரம். தாண்டியதும் தேர்தல் பறக்கும் படை கை காட்டியது. அதிகாரி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஆறு தடவை ஒரே பெயர்.

"பேரை மறைக்கணும். இல்லன்னா வண்டி ஸ்டேஷனுக்குப் போகும்" என்று காக்கிக் காகித உருளையை நீட்டினார். ஸ்பீக்கர் வாயில் காகிதம் ஒட்டினால் கச்சேரி போர்வைக்குள் நடப்பதுபோல் கேட்கும். வலையையே கழற்றிவிடுகிறேன் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

முதலில் அக்காவுக்கு போன் போட்டேன். ரயில் சத்தத்தில் அவர் குரல் சின்னதாகக் கேட்டது. "ஆடி மாசம் ஆறு கச்சேரி அவரு உபயம்னு சொல்லிக்கீறாரு. அவரோட ஆளு பாஸ்கரு இன்னிக்கு வருவான். பேரு இல்லன்னா அந்த ஆறும் போய்டும்."

"வண்டி ஸ்டேஷனுக்குப் போனா இன்னைக்கே இல்லக்கா."

ரயில் அடுத்த ஸ்டேஷனில் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கழட்டு."

ஒரு வலைக்கு எட்டு ஸ்க்ரூ. கன்னியப்பன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "இன்னா நைனா, நடு ரோட்ல மெக்கானிக் ஷாப் போட்டுக்கினு? பின்னாடி லாரிக்காரன் நம்ம குடும்பத்தையே விசாரிக்கிறான் பாரு." கழற்றுவது ஆறு வலையா, ஆறு கச்சேரியா என்று தெரியவில்லை.

மேடைக்குப் போனபோது மணி 4.50. பதினைந்து கிலோமீட்டருக்குக் குறைந்த தூரம். ஆறரைக்கு பாஸ்கர் வந்தார். நேராக ஸ்பீக்கர் முன்னால் நின்றார்.

"அக்கா, எங்க அண்ணன் பேரு எங்க?"

"பறக்கும் படையப் போய்க் கேளு பாஸ்கரு. நான் பாட வந்துகீறேன்."

"அண்ணன் வாங்கிக் குடுத்த பொட்டி, அண்ணன் பேரு மட்டும் கலீஜா?"

"பேர மட்டும்தான் கழட்டிக்கீறோம். பொட்டி அப்டியே கீது, வோணும்னா தூக்கினு போ. மேடைக்கு முன்னால குந்தினுகீற ஜனத்தாண்ட நீயே சொல்லிட்டுப் போ."

பாஸ்கர் திரும்பிப் பார்த்தார். மீன் விற்கும் பெண்கள் முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்தாகிவிட்டது. அத்தனையும் ஓட்டு. "சரிக்கா. ஜெயிச்சு வந்தப்புறம் பேசிக்கலாம்" என்று போய்விட்டார். அது சமாதானமா மிரட்டலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கச்சேரி நடந்தது, சரியாகப் பத்து மணிவரை. எனாமல் போனதால் உயர் சுருதி சுத்தமாக வந்தது, வயலின் கடைசி வரிசைவரை கேட்டது. முன்வரிசை அம்மா ஒருவர் இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "பிடிலுக்காரங்க புதுசா?" ஐந்து வருடமாக அதே நான்கு பேர்.

திரும்பும்போது அக்கா வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரிசல்ட்டு வர வரைக்கும் நாலு பேரும் இருக்கட்டும். அப்புறம் தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஆடிக் கச்சேரி கேட்க இப்போதே லீவு சொல்லாதீர்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ரயில்தான் சரி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் ஐந்து ரூபாய், சுமார் முப்பத்தைந்து நிமிடம். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். இரவில் ரயில் குறைவு, திரும்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

நான் அடுத்துச் செய்யப்போவது:

1. ஆறு ஸ்பீக்கருக்கும் பெயர் எழுதாத புது வலை வெட்டுவது.
2. ஆடிக்கு வேறு இரண்டு கோயில் கமிட்டிகளிடம் அக்காவோடு போய்ப் பேசுவது.
3. ஓட்டுப் போடுவது.
4. கழற்றிய பழைய வலைகளை ரிசல்ட் வரும்வரை தூக்கிப் போடாமல் வைத்திருப்பது. என் கட்டிலுக்கு அடியில், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி அடுக்கியிருக்கிறேன். ஸ்க்ரூ நாற்பத்தெட்டும் பத்திரமாக இருக்கிறது.