பத்தொன்பது அலைவுகள்

ஊசல் ஆடும்போது அவள் உதடுகள் மட்டும் அசையும், சத்தம் வராது. பித்தளைக் குண்டு ஒரு முழு அலைவை முடித்து நடுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மோவாய் லேசாக இறங்கும். இருபது ஆனதும் ஸ்டாப்வாட்சை அழுத்துவாள். விழுப்புரத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டில் அவள் என் ஆய்வக ஜோடி. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம் அவளுடையது. என் அப்பா செங்கல் சூளையில் கல் அறுப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து சொல்வேன். வகுப்பில் முதல் மதிப்பெண்ணும் என்னுடையதுதான். ஆனால் கருவியைத் தொடும்போது அவளுக்கு இருந்த பொறுமை எனக்கு இருந்ததில்லை. நூலின் நீளத்தை அளந்தால், குண்டின் ஆரத்தையும் சேர்த்துவிட்டு மறுபடி ஒருமுறை அளப்பாள்.

அந்தப் பொறுமைக்கு எங்கள் ஆய்வகத்தில் வேலையே இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று புத்தகம் முன்பே சொல்லிவிட்டது. அதற்குத் தக்க அளவுகள் மேல்வகுப்பு அக்காக்களின் ரெக்கார்டில் தயாராக இருந்தன. குண்டை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வகுப்பே அவற்றை எழுதிக்கொள்ளும். அதனால் யார் எண்ணுவது சரி, யார் எண்ணுவது தவறு என்பது ஆண்டு முழுவதும் வெளியே தெரியவில்லை. அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. அவள் அப்பாவின் பேச்சை அவர் குரலிலேயே பஸ்ஸில் செய்து காட்டுவாள். “ஒரு பேப்பர் போனாலும் அத்தோட நின்னுக்கோ. மாமன் மொவன் எவ்ளோ நாளிக்குக் காத்துக்கினு இருப்பான்?” சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் புத்தகத்தைத் திறந்துவிடுவாள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரானவர். எடுக்கும் ஒவ்வோர் அளவையும் அவர் கண்முன் மையால் எழுத வேண்டும்; பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். அக்காக்களின் எண்கள் அன்று யாருக்கும் உதவவில்லை. எனக்குத் திருகு அளவி வந்தது. அடுத்த மேசையில் அவளுக்கு ஊசல். ஒரு மீட்டர் நூலில் இருபது அலைவுகளுக்கு முப்பத்தெட்டு புள்ளி ஒன்று நொடி என்று எழுதினாள். கணக்குப் போட்டால் விடை பத்தே முக்காலையும் தாண்டிவிட்டது. தேர்வாளர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பூமிக்கு இன்னிக்கு இழுப்பு ஜாஸ்தியாயிடுச்சா?”

“திரும்ப எடுக்கறேன் சார்.”

திரும்ப எடுத்தாள். நூலை அளந்தாள், வாட்சை மாற்றினாள், மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். மறுபடியும் அதே முப்பத்தெட்டு புள்ளி ஒன்று. ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தால் அது சரியான அளவு என்றுதான் மனம் நம்பும். ஒரே பிழை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நுழைந்தாலும் அப்படித்தான் வரும். முறையான பிழை என்று அதற்குப் பெயர் என நாங்கள் இருவரும் மனப்பாடம் செய்திருந்தோம். நான் குனிந்து, “எதையாவது மாத்தி முடிச்சிடுடி” என்றேன். “எதைடி மாத்தறது? அதேதான் வருது” என்றாள். அவள் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. மணி அடித்தபோது வரைபடமும் கணக்கும் பாதியில் நின்றன.

அவள் தேறவில்லை. “தப்பு எங்கடி? எங்கன்னு மட்டும் சொல்லு” என்று பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முதல் மதிப்பெண்காரியான எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அரியர் எழுதிக்கொள்ளலாம் என்று அவள் அப்பாவிடம் பேசப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். “ஒரு குண்ட ஆட்டிவுட்டு எண்ணத் தெரியல. இதுக்கு மேல இன்னாம்மா படிப்பு?” என்றார். தையில் கல்யாணம் முடிந்தது.

இப்போது நான் திண்டிவனத்தில் கௌரவ விரிவுரையாளர். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஊசல் சோதனை நடத்துகிறேன். சென்ற அறுவடையின்போது முகையூர்ப் பக்கம் அவள் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை உரித்து மரக்காலால் அளந்துகொண்டிருந்தாள். முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டி “லாபம்” என்றாள். அடுத்ததற்கு “ரெண்டு”. தானியம் அளக்கிற வீடுகளில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். மரக்காலால் அளக்க எங்கள் வீட்டில் எப்போதும் எதுவும் இருந்ததில்லை. கேள்விப்பட்டிருந்தும் அந்த வழக்கம் என் காதில் தங்கியதில்லை.

“ஊசலயும் இப்படித்தான் எண்ணுவியா?” என்று கேட்டேன்.

“வேற எப்பிடி எண்ணுவாங்க? குண்டு நடுவுல வரும்போது வாட்ச அமுக்கினா லாபம். அப்பறம் ரெண்டு, மூணு.”

மரக்காலைக் கொட்டி லாபம் என்னும்போது ஓர் அளவு சாக்கில் விழுந்துவிட்டது. வாட்சை அழுத்தும் நொடியில் ஓர் அலைவும் முடிந்திருக்காது. அங்கே சொல்ல வேண்டியது பூஜ்யம். அவள் இருபது என்றபோது முடிந்தவை பத்தொன்பதுதான். போனை எடுத்து முப்பத்தெட்டு புள்ளி ஒன்றைப் பத்தொன்பதால் வகுத்துக் கணக்கை முடித்தேன். ஒன்பது புள்ளி எட்டு இரண்டு. எங்கள் வகுப்பிலேயே அந்த எண்ணை அளந்து தொட்டவள் அவள் ஒருத்திதான்.

சொல்லாமல் வந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவள் மரக்காலைக் கீழே வைத்தாள்.

“அப்ப வாட்ச நான் சரியாத்தான் அமுக்கிருக்கேன்.”

“ஆமா.”

“நூலு?”

“அதுவும் சரிதான்.”

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சாக்கின் வாயைச் சுருட்டிவிட்டாள். ஒரு பேப்பர், ஒரே ஓர் எண். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“எங்கப்பாகிட்ட இத சொல்லிடாதடி. அவருதான் என்ன மடில வெச்சிக்கினு எண்ணக் கத்துக் குடுத்தாரு.”