நான் ஸ்கேன் செய்யாத பக்கங்கள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஏற்றியதும் அவை ஆராய்ச்சிக் களஞ்சியம் என்கிற இணையதளத்துக்குப் போய்விடும். எந்த ஊரில் இருப்பவரும் தேடி எடுத்துப் படிக்கலாம். நான் பத்தாவது தாண்டாதவள். மண்ணூர்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டேன். வருகிறவர் முகத்தைப் பார்த்தே அவர் அவசரம் எவ்வளவு என்று சொல்லும் வித்தையும் அங்கே வந்ததுதான். அந்தக் கடைக்கு வந்துபோன நூலக மேடம் ஒருநாள், "எங்க லைப்ரரிக்கு வேலைக்கு வர்றியாம்மா?" என்றார். வந்துவிட்டேன்.

ஆய்வேடு என்றால் தடித்தடியான புத்தகம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. உள்ளே இரும்பு, அலுமினியம், வெல்டிங் என்று ஒரே சூத்திரமும் வரைபடமும். சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு பக்கம் மட்டும் புரியும். அது நன்றிப் பக்கம். ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார்கள். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, மதியம் சாப்பிடும்போது ஒவ்வொன்றாகப் படிப்பேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அங்கே கற்றதுதான்.

'என் மகள் பிறந்தபோது நான் சோதனைக்கூடத்தில் இருந்தேன், அவள் என்னை மன்னிப்பாள் என்று நம்புகிறேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நீ எங்கே முடிக்கப் போகிறாய் என்று கேட்ட எல்லோருக்கும் நன்றி' என்று ஒரு பெண். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில். வேறு ஒரு வரி கிடையாது. நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். யார் எந்த நல்ல வார்த்தை சொன்னாலும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டு பாதிக்குமேல் இவர்களால் நிரம்பியது.

இங்கேதான் என் புத்தி குறுக்கே போனது. இதெல்லாம் வீட்டுக்கு எழுதின கடிதம் மாதிரி இருக்கிறதே, ஒரு மனுஷன் மகளிடம் மன்னிப்புக் கேட்பதை ஊர் உலகமெல்லாம் ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் ஸ்கேன் செய்யும்போது நன்றிப் பக்கத்தை மட்டும் மெதுவாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். முன்பக்கங்களுக்கு ரோமன் எண்தான் போட்டிருக்கும். ஒன்றாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் மேடம் பார்ப்பார். இருக்கும். இரண்டு வருஷம் இப்படியே போனது. நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிற அண்ணன் நூலகத்துக்கு வந்தார். ஆராய்ச்சி மாணவர்கள் இழுத்தும் முறித்தும் சோதித்துப் பார்க்கிற இரும்புத் துண்டுகளையெல்லாம் கடைந்து கொடுப்பவர் அவர்தான். கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருவார். கேண்டீனில் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிற பழக்கம். அன்றுவரை அவர் நூலகத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஆயில் கறை. நாற்காலியைத் தொடாமல் நின்றார்.

"இன்னாமா, அல்லா தீசிஸும் இதுக்குள்ள கீதா?"

"மெக்கானிக்கல் பழசெல்லாம் ஏத்தியாச்சுண்ணே. இன்னா வேணும்?"

"என் பேரு அதுல கீதான்னு பாரு."

பெயரைச் சொன்னார். ஸ்கேன் செய்த எழுத்தையெல்லாம் மிஷினே படித்துத் தேடித் தரும். இனிஷியலோடு போட்டேன், இல்லாமல் போட்டேன். ஒன்றும் வரவில்லை.

"அதேதான்மா. என் பொண்ணுக்கும் வரல" என்றவர், அப்போதுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

மகள் வேறொரு கல்லூரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஏதோ புராஜெக்டுக்காக எங்கள் களஞ்சியத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் தோழிகள் முன்னால், "எங்க நைனா இல்லாம அங்க ஒரு ஆராய்ச்சி நடக்காது" என்று சொல்லி, பெருமையாக அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள். திரையில் ஒன்றுமே இல்லை.

"ஊட்டுக்கு வந்து, 'இத்தினி வருஷமா பீலா உட்டுகினு இருந்தியா நைனா'ன்னு கேக்குது. சிரிச்சிகினேதான் கேட்டுச்சு. ஆனா அன்னிலேர்ந்து நான் வேலையப் பத்தி வாயத் தொறந்தா, போனப் பாத்துகினே 'உம்'முன்னு சொல்லுது. அவ்ளோதான். எனக்குத் துன்ற சோறு எறங்கலமா."

"உன் பேரப் போட்டிருக்கோம்னு யாருண்ணே சொன்னது?"

"அல்லாரும் சொல்லிட்டுத்தான போனாங்க. 'உன்னப் பத்தி எழுதிக்கீறோம்ணா, முன்னாடிப் பக்கத்துலயே'ன்னு. நான் எங்க அந்தப் புஸ்தகத்தத் தொறந்து பாத்தேன்?"

முன்னாடிப் பக்கம் என்றால் நான் தள்ளிவிட்ட நன்றிப் பக்கம்தான். "நாளைக்குப் பாத்துச் சொல்றேண்ணே" என்று அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை, கொரட்டூரிலிருந்து ரயிலில் வருகிற மேடம் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை புத்தகத்துல?"

"எல்லாத்துலயும் மேடம்."

"ஏம்மா?"

"அவங்க வீட்டு விஷயமாச்சே, வெளிய தெரிய வேணாம்னு…"

"டைப் அடிச்சு, பைண்ட் பண்ணி, லைப்ரரியில கொடுத்துட்டுப் போனது வீட்டு விஷயமா? ரகசியமா நன்றி சொல்லணும்னா காதுல சொல்லியிருப்பாங்களேம்மா. ஊருக்குத் தெரியட்டும்னுதானே எழுதினாங்க!"

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "விட்ட பக்கத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்து. மெக்கானிக்கல்லேர்ந்து ஆரம்பி. லீவுன்னு வந்து நிக்காத" என்றார்.

அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். நன்றிப் பக்கத்தைப் பிரித்ததும் என் கண் அவர் பெயரைத்தான் தேடியது. முதல் புத்தகத்தில் 'எங்கள் லேத் அண்ணாவுக்கு' என்று இருந்தது. அடுத்ததிலும் லேத் அண்ணா. அதற்கடுத்ததிலும் அதேதான். பதினொரு புத்தகத்தில் அவர் இருந்தார், ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. எழுதின பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? இத்தனை வருஷம் கேண்டீனில் பார்த்தும், அன்று அவர் வாயால் கேட்டபிறகுதானே அவர் பெயர் எனக்கே தெரிந்தது.

"பேரை நாமளே சேத்துடலாமா மேடம்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"புத்தகத்துல இல்லாதத நாம சேக்கக் கூடாதும்மா" என்றார். அவருக்கும் மனசில்லை என்பது சொன்ன குரலில் தெரிந்தது.

லேத் அண்ணா என்பதை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நீதானா அது?"

"நான்தாண்ணே."

"செரி வுடு. இப்ப வருதா?"

"வருது. ஆனா பேரு இல்லண்ணே. லேத் அண்ணான்னுதான் எழுதிக்கீறாங்க. உன் பொண்ண இதப் போட்டுத் தேடச் சொல்லு."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தன்கூடவா பேரு போடல?" என்றார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இத வெச்சிகினு நான்தான்னு அது எப்டிமா நம்பும்?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தபடி திரும்பி வந்தேன்.

இரண்டு நாள் ஆள் கண்ணில் படவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் பயம். மூன்றாம் நாள் அவரே வந்து நூலக வாசலில் நின்றார்.

"பொண்ணு பாத்துச்சா அண்ணே?"

"பாத்துச்சு. மொத ரெண்டப் படிச்சிட்டு, 'ஊர்ல எத்தினி லேத்து, எத்தினி அண்ணா! இது நீதான்னு இன்னா அத்தாட்சி?'ன்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்ல? அப்பால ஒண்ணு படிச்சுது பாரு."

எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாணவி எழுதியது. 'நான் கொண்டுபோன அளவு தப்பு என்று லேத் அண்ணா மூன்று தடவை திருப்பி அனுப்பினார். கத்தினார். நான் அழுததும் டீக்கடைக்குக் கூட்டிப்போய், எனக்குக் கொடுத்த டீயில் சர்க்கரை கம்மி என்று அந்தக் கடைக்காரரிடமும் கத்தினார்.'

"அதத் தமிழ்ல படிச்சிகினு இருக்கும்போதே என் சம்சாரம் சமயக்கட்டுலேர்ந்து கரண்டியோட ஓடியாருது. 'அடியே, இது இந்தாளுதான்டி! சத்தியமா இந்தாளுதான்!'னு. பொண்ணு உருண்டு உருண்டு சிரிக்குது. 'நைனா, நீ அங்கயும் இப்டித்தானா?'ன்னு."

"அப்புறம்?"

"அப்பால இன்னா? பதினொண்ணையும் படிக்க வெச்சேன். ரெண்டு தபா." சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "காத்தால கெளம்புறப்ப, 'நைனா, அந்த டெஸ்ட் பீஸுக்கு நடுவுல மட்டும் ஏன் ஒல்லியா கடையிற?'ன்னு அதுவே வந்து கேக்குது. சாய்ங்காலம் சொல்றேன்னு வந்துட்டேன். வாயால சொன்னா புரியாது, வரைஞ்சு காட்டணும். வெள்ளப் பேப்பர் இருந்தா நாலு குடுமா" என்றார்.

பிரிண்டரைத் திறந்து, கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன்.